வாய் யாருது, மனசு யாருது

அங்கமுத்து: அப்ப நீ என்ற தம்பி இல்லீங்கற.

திருமூர்த்தி: இல்லீங்... இல்லைய்யா. நான் காசிமாயன். உசிலம்பட்டிக்காரன். ஒடம்பு மட்டுந்தான் உங்க தம்பி திருமூர்த்தியோட ஒடம்பு.

அங்கமுத்து: ம்... அப்ப அந்தக் கதவோரம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது?

திருமூர்த்தி: அது காசிமாயன் ஒடம்பு. உள்ளுக்குள்ள இருக்கறது உங்க தம்பி.

அங்கமுத்து: அதாவது, உங்க கம்பெனி அயர்ன் மாஸ்டர் ஒடம்புக்குள்ள உங்க மொதலாளி பூந்துக்கிட்டான். மொதலாளி ஒடம்புக்குள்ள அயர்ன் மாஸ்டர் பூந்துக்கிட்டான்.

காசிமாயன்: ஆமாங்ணா. நாந்தானுங் உங்க தம்பி மூர்த்தி. வணக்கமுங்.

அங்கமுத்து: ஏப்பா, அவனை வாயை மூடச் சொல்லு. நானும் என்ற தம்பியும் பேசறதில்லைன்னு திருப்பூருக்கே தெரியும்.

திருமூர்த்தி: மொதலாளி, உங்களப் பேச வேணாம்னு சொல்றாக.

காசிமாயன்: எனக்கும் காது கேக்குதுங்.

அங்கமுத்து: சரி, நீ உக்காரு காசிமாயா. அவன் நிக்கட்டும்.

காசிமாயன்: பரவால்லைங்கய்யா, நான் நின்னே பழகுனவன்.

அங்கமுத்து: என்ற தம்பி எப்ப நின்னு பழகுனான்? ஊட்டுல சோறு கொதிக்கறக்குள்ள நாலு தடவை உக்காந்து எந்திரிப்பான் அவன்.

காசிமாயன்: அது... காலு காசிமாயன் காலுங்ணா. அதுக்கு நிக்கற பழக்கம்.

அங்கமுத்து: ஓஹோ. பழக்கம் ஒடம்போட இருக்குது, மனசு மட்டும் வந்துருச்சு. எப்படி ஆச்சுன்னு மறுக்கா சொல்லு காசிமாயா. மெதுவாச் சொல்லு. வெளிய கரண்ட் வேற இல்லை, ஃபேனு நின்னுபோச்சு. சித்த பட்டனைக் கழட்டிக்கறேன்.

திருமூர்த்தி: எங்க கம்பெனியிலயும் கரண்ட் போச்சுய்யா. நான் டேபிள் முன்னால ஸ்டீம் அயர்னைப் புடிச்சிக்கிட்டு, கரண்ட் எப்ப வரும்னு நின்னேன். மொதலாளி வந்தாக. 'ஏன்டா இந்த பீஸுல கைமடிப்பு கோணலா இருக்குது'ன்னு எங்கையைப் புடிச்சாக. அந்நேரம் பாத்து கரண்ட் வந்துருச்சு.

அங்கமுத்து: சுருக்குன்னு அடிச்சுது.

திருமூர்த்தி: ரெண்டு பேரும் பனியன் மூட்டை மேல போயி விழுந்தோம். எந்திரிச்சுப் பாத்தா நான் வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன்.

காசிமாயன்: நான் லுங்கி கட்டியிருக்கறேன். எனக்கு அழுகையே வந்துருச்சுங்ணா.

அங்கமுத்து: ஏன், லுங்கிக்கு என்ன கொறை? அழுகாதேன்னு சொல்லு உங்க மொதலாளிகிட்ட.

திருமூர்த்தி: அழுகாதீக மொதலாளி.

அங்கமுத்து: டாக்டரைப் பாத்தீங்களா?

திருமூர்த்தி: பாத்தோம். கண்ணுல டார்ச் அடிச்சாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் எழுதிக் குடுத்தாரு.

அங்கமுத்து: மாத்திரை ஒடம்புக்கா, மனசுக்கா?

திருமூர்த்தி: வயித்துப் பொருமலுக்குய்யா.

அங்கமுத்து: இருக்கட்டும். இப்ப ஒண்ணு கேக்கோணும், கோவிச்சுக்காத. அன்னைக்குச் சாயங்காலம் யாரு எந்த ஊட்டுக்குப் போனீங்க?

திருமூர்த்தி: அது... ஒடம்பு எந்த வீட்டுக்குப் போகுமோ அந்த வீட்டுக்குத்தான்.

அங்கமுத்து: ஏன்? பொண்டாட்டி மனசோட பொண்டாட்டியா, ஒடம்போட பொண்டாட்டியா?

காசிமாயன்: நான் கருத்தம்மாகிட்ட எடுத்துச் சொன்னேனுங். 'அம்மணி, நான் உன்ற புருசன் இல்லை, மொதலாளி'ன்னு. கரண்டியைத் தூக்கிட்டாளுங்.

அங்கமுத்து: தூக்குவா. கருத்தம்மா எங்கம்பெனி செக்கிங்ல இருக்கறவதானே. பீஸை வெளிச்சத்துல புடிச்சான்னா ஊசி மொனை ஓட்டையும் தப்பாது. நீதான் தெனமும் சாயங்காலம் எங்கம்பெனி கேட்டுக்கு வந்து அவளைக் கூட்டிட்டுப் போவியே காசிமாயா.

திருமூர்த்தி: ஆ... ஆமாய்யா. வருவேன்.

அங்கமுத்து: வந்து எங்க நிப்ப?

திருமூர்த்தி: கேட்டுக்கு... வலதுகைப் பக்கம் அந்த வேப்ப மரத்தடியில.

காசிமாயன்: க்கும்...

திருமூர்த்தி: இடதுகைப் பக்கம்.

அங்கமுத்து: ஒரு நாளும் நின்னதில்லை நீ. வாட்ச்மேன் ரூம்புக்குள்ள ஸ்டூலைப் போட்டு உக்காந்து காப்பி குடிப்ப.

திருமூர்த்தி: அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீக.

அங்கமுத்து: எனக்கு இன்னும் ஒத்து வரலை. மனசுங்கறது என்ன, மூட்டையா? இந்த வண்டியில இருந்து எறக்கி அந்த வண்டியில ஏத்தறதுக்கு?

திருமூர்த்தி: இப்பப் பாருங்க. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெசின் இருக்குல்ல. ஒரு மெசின்ல கெடக்குற மயில் டிசைனை பிளாப்பியில எடுத்து இன்னொரு மெசின்ல போட்டா, அதுலயும் மயில்தான வருது? துணி வேற, நூலு வேற, மெசின் வேற. மயிலு அதே மயிலு. அந்த மாதிரி கரண்டோட கரண்டா மனசு இங்கிட்டு இருந்து அங்கிட்டு போயிருச்சு.

அங்கமுத்து: நல்லாச் சொல்ற. ஆனா எங்கம்பெனியில ஒருக்கா அப்படித்தான் மாத்திப் போட்டோம். புது மெசின்ல டென்சன் வேற. நூலை இழுத்துப் புடிச்சு, துணி சுருங்கி, மயில் கோழியாட்ட வந்துருச்சு. உன்ற மனசை என்ற தம்பி ஒடம்புல போட்டா அது நீயா இருக்குமா? அவனுக்கு வர்ற கோவம் உனக்கும் வரும். அவன் ஒடம்பு டென்சன் அப்படி.

திருமூர்த்தி: எனக்கென்னங்க கோவம்?

அங்கமுத்து: இப்ப வந்துதே. சரி, உங்க ஊரு சாமி பேரு என்ன காசிமாயா?

திருமூர்த்தி: எங்க ஊரு சாமி... கருப்பு.

அங்கமுத்து: எந்தக் கருப்பு? அந்தப் பக்கம் எத்தனையோ கருப்பு இருக்குது.

திருமூர்த்தி: பெரிய கருப்பு.

காசிமாயன்: ஆத்தி... எங்க சாமி ஒச்சாண்டம்மன்ல.

அங்கமுத்து: என்ன சொல்றான் அவன்? என்ற தம்பிக்கு உசிலம்பட்டிச் சாமி எல்லாம் தெரியுமா?

காசிமாயன்: காசிமாயன் எங்கிட்டச் சொல்லியிருக்கானுங்ணா. நான் வேலையாளுகிட்ட எல்லாம் விசாரிப்பனுங். நல்ல மொதலாளி நானு.

அங்கமுத்து: தன்னைத்தானே மெச்சிக்கறான் பாரு. அந்த ஒரு வார்த்தை மட்டும் என்ற தம்பி பேசறாப்பலயே இருக்குது. சரி, நீயே அவங்கிட்ட ஒண்ணு கேளு. நான் கேக்கக்கூடாது. சின்னப் பையனா இருக்கறப்ப பள்ளிக்கோடத்துக்குப் போகாம அவன் எங்க ஒளிஞ்சுக்குவான்னு கேளு.

திருமூர்த்தி: மொதலாளி, சின்ன வயசுல பள்ளிக்கூடம் போகாம எங்க ஒளிஞ்சுக்குவீக?

காசிமாயன்: மரத்து மேலயுங்.

அங்கமுத்து: இல்லை.

காசிமாயன்: கெணத்துக்குள்ள?

அங்கமுத்து: கெணத்துக்குள்ள ஒளிஞ்சா அப்பறம் எப்படி வெளிய வருவான்? இல்லைன்னு சொல்லு.

திருமூர்த்தி: பஞ்சு மூட்டைக்குப் பின்னாலன்னு சொல்லுங்க மொதலாளி.

அங்கமுத்து: அது உனக்கு எப்படித் தெரியும் காசிமாயா?

திருமூர்த்தி: அது... மூளையில கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குதுய்யா. டிசைனை மாத்துனாலும் பழைய மெசின்ல கொஞ்சம் கெடக்குமில்ல.

அங்கமுத்து: கெடக்கும், கெடக்கும். அந்த மிச்சத்துல, ஒளிஞ்சிருந்தவனுக்கு யாரு சோறு கொண்டாந்து குடுத்தான்னு இருக்குதா, அது அழிஞ்சு போச்சா?

திருமூர்த்தி: அழியலை. அண்ணன்... அவரு அண்ணன்தான். தூக்குப்போசியில பழைய சோறும் வெங்காயமும் கொண்டாந்து குடுத்துட்டு, அய்யன்கிட்ட 'அவன் பள்ளிக்கோடத்துலதான் இருக்கறான்'னு பொய் சொல்லுவாரு.

அங்கமுத்து: ம்... மயிலாத்தா, உள்ள இருந்து அந்த மைசூர்பாவை எடுத்துட்டு வா. வெள்ளகோவில் சொந்தக்காரங்க ஒறம்பரையா வந்தப்பக் கொண்டாந்தாங்க. எடுத்துக்க காசிமாயா, என்ற ஊட்டுக்காரி குடுக்கறா. சங்கோசப்படாத.

திருமூர்த்தி: எனக்கு சுகர் இல்லைய்யா. ரெண்டா எடுத்துக்கிடுறேன்.

அங்கமுத்து: வெய்யி கீழ.

திருமூர்த்தி: நீங்கதான எடுத்துக்கச் சொன்னீக.

அங்கமுத்து: நாக்கு உன்றதா இருக்கலாம். சுகரு என்ற தம்பியுது. போன மாசம் எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒடம்பை உங்கிட்ட ஒப்படைச்சிருக்கறான், பாத்து வெச்சிருந்து திருப்பிக் குடுக்கோணும். அந்தத் தட்டை அக்கட்ட அவங்கிட்ட குடு. அவன் திங்கட்டும்.

காசிமாயன்: நான் எடுத்துக்கலாங்களா?

அங்கமுத்து: எடுத்துக்கச் சொல்லு.

திருமூர்த்தி: போன மாசம் சுகர் எத்தனைன்னு உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?

அங்கமுத்து: லேப்காரன் தெரிஞ்ச பையன். அந்தப் பேச்சை விடு. எதுக்கு வந்தீங்கன்னு சொல்லு.

திருமூர்த்தி: மொதலாளி மக யாழினி பாப்பாவுக்குக் கண்ணாலம் வெச்சிருக்குய்யா. தை மாசம்.

அங்கமுத்து: கேள்விப்பட்டேன். மாப்பிள்ளைக்கு முதலிபாளையத்துப் பக்கம் ஏதோ கம்பெனின்னாங்க.

திருமூர்த்தி: ஆமாய்யா. நல்ல பையன். ஆனா பாப்பா ஒரே புடியா உக்காந்திருக்கு. பெரியப்பன் வந்து மொத அட்சதை அரிசி போடாட்டி தாலியைக் கட்ட விடமாட்டேங்குது. எங்க மொதலாளி என்ன பண்ணுவாரு? அழைப்புன்னா வெத்தலை பாக்கு வெச்சு, வாயைத் தொறந்து 'கண்ணாலத்துக்கு வந்துருங்க'ன்னு கூப்புடோணும். தபால்ல அனுப்புனா ஒறம்பரையில ஒருத்தன் மதிக்க மாட்டான். வாயைத் தொறந்தா...

அங்கமுத்து: சத்தியம் போயிரும்.

திருமூர்த்தி: சத்தியம் போனாப் பரவாயில்லைங்க. பாப்பா தலை மேல அடிச்ச சத்தியமில்லீங்களா அது. அண்ணமார் கோயில்ல கற்பூரத்தைக் கையால அணைச்சு, 'இனி எங்கண்ணங்கூடப் பேசுனேன்னா எம்பொண்ணு நல்லாருக்க மாட்டா'ன்னு...

அங்கமுத்து: அதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. அண்ணந்தம்பியாவே இருக்கற சாமி அது. அதுக்கு முன்னால போயி நின்னு, அண்ணங்கூடப் பேசமாட்டேன்னு கற்பூரம் அணைச்ச ஆளு இந்தச் சீமையில என்ற தம்பி ஒருத்தன்தான்.

காசிமாயன்: நீங்களும்தானே அணைச்சீங்கண்ணா.

அங்கமுத்து: அவன் அணைச்சதுக்கு அப்பறம் அணைச்சேன். மொதல்ல அணைச்சது அவன். அதை மறந்துராம வெச்சுக்கச் சொல்லு.

திருமூர்த்தி: அதனாலதான்ய்யா இந்த ஷாக் அடிச்சதும், சாமியே வழி விட்டாப்பல இருந்துச்சு. இப்ப உங்ககூடப் பேசறது மொதலாளி இல்லை, நான். காசிமாயன் பேசறான், சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வந்து நிக்கறது அவரு ஒடம்பு. கூப்புட்ட மாதிரியும் ஆச்சு.

அங்கமுத்து: நல்ல யோசனைதான். ஆனா ஒரு சங்கடம் இருக்குது.

திருமூர்த்தி: என்னங்க சங்கடம்?

அங்கமுத்து: சத்தியம் பண்ணுனது எது? வாயிதானே. அந்த வாயி இப்ப எங்க இருக்குது? உன்ற மூஞ்சியில. கற்பூரம் அணைச்ச கையி எது? இந்தக் கை. இன்னும் அந்தத் தழும்பு தெரியுது பாரு. அப்ப நீ பேசுனாலும் சத்தியம் போச்சு.

திருமூர்த்தி: ஐயையோ... அப்ப இத்தனை நேரம் நான் பேசுனது?

காசிமாயன்: மனசுதானுங் முக்கியம். சாமி மனசைத்தானே பாக்கும்?

அங்கமுத்து: பாக்கும். அப்ப மனசு யாரோடதுன்னு பாத்தா, சத்தியம் பண்ணுன மனசு இப்ப அந்த லுங்கிக்குள்ள இருக்குது. அவன் வந்ததுல இருந்து 'ஏனுங்ணா, ஆமாங்ணா'ன்னு எங்கூடப் பேசிட்டே இருக்கறான். அப்பவும் சத்தியம் போச்சு.

திருமூர்த்தி: அப்ப ரெண்டு வழியிலயும் போச்சா?

அங்கமுத்து: வாயைப் பாத்தா நீ மாட்டுன. மனசைப் பாத்தா அவன் மாட்டுனான்.

திருமூர்த்தி: டேய், இதை நீ யோசிக்கவே இல்லையாடா?

காசிமாயன்: எங்கிட்டச் சொன்னதுல இது இல்ல மொதலாளி.

அங்கமுத்து: யாரு யாரை டேய்ங்கறது?

திருமூர்த்தி: ஒடம்பு பழக்கத்துல வந்துருச்சுய்யா. மொதலாளி ஒடம்பு இல்லைங்களா.

அங்கமுத்து: சரி, வந்தது வந்தாச்சு. நான் உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன் காசிமாயா, ஒளிக்காமச் சொல்லு. உன்ற மொதலாளி என்னைப் பத்தி என்ன பேசுவான்?

திருமூர்த்தி: உங்களைப் பத்திப் பேசவே மாட்டாருய்யா.

அங்கமுத்து: ஒரு வார்த்தை கூடவா?

திருமூர்த்தி: பேச மாட்டாரு. ஆனா அவிநாசிபாளையம் ரோட்டுல உங்க காரு எதுக்க வந்தா, வண்டியை மெதுவா விடச் சொல்லுவாரு. நீங்க முன்னால ஒக்காந்திருக்கீங்களா, பின்னால ஒக்காந்திருக்கீங்களான்னு பாப்பாரு. பின்னால சாஞ்சு படுத்திருந்தீங்கன்னா அன்னைக்குப் பூராம் யாருகிட்டயும் சரியாப் பேசமாட்டாரு. 'ஒடம்புக்கு என்னவோ'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுவாரு.

காசிமாயன்: நெசந்தாங்யா. நான் பாத்திருக்கேன். அதாவது... நாந்தான் அது.

அங்கமுத்து: எதுக்குப் பேசறதில்லைன்னாச்சும் சொல்லியிருக்கானா?

திருமூர்த்தி: ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் வந்திருந்தப்ப நடந்ததைச் சொல்லியிருக்காரு. ரெண்டு பேரும் ஒண்ணா கம்பெனி நடத்துனப்ப. மொதலாளி கண்ணு முழிச்சு ஒரு சாம்பிள் டி-சர்ட் தெச்சு வெச்சிருந்தாரு. வெள்ளைக்காரரு முன்னால அதை நீங்க வாங்கிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம வேஸ்ட் மூட்டையில போட்டுட்டீங்க.

அங்கமுத்து: போட்டேன். போடாம? நெக் ரிப் லூசு.

திருமூர்த்தி: ...அப்படியாய்யா.

அங்கமுத்து: கழுத்துப் பட்டையை ஒரு இழு இழுத்தேன். அப்படியே தொங்கிப்போச்சு. நாலு தொவை தொவைச்சா, போட்டவன் தோள்ல இருந்து எறங்கிரும்.

திருமூர்த்தி: மொதலாளி வேற மாதிரி சொன்னாருங்க.

அங்கமுத்து: அவன் என்ன சொல்லுவான்? அவனுக்கு ரிப்பைப் பத்தி என்ன தெரியும்? இழுபடற லைக்ரா நூலு போடாத ரிப்பைக் கொண்டாந்து வெச்சுட்டு...

திருமூர்த்தி: லைக்ரா போட்டதுங்க.

அங்கமுத்து: போடலை.

திருமூர்த்தி: போட்டது.

அங்கமுத்து: உனக்கென்னப்பா தெரியும் காசிமாயா? நீ கம்பெனிக்கு வந்தது அதுக்கப்பறம். அந்த ரிப்பு பழைய துணிக் கரையாட்டத் தொளதொளன்னு...

திருமூர்த்தி: தொளதொளன்னு இல்லீங்ணா. லைக்ரா போட்டு ஓட்டுன ரிப்பு அது. நானே நிட்டிங்ல போயி நின்னு ஓட்டிட்டு வந்தேன். இழுத்து விட்டா டக்குனு ஒட்டிக்கும். உங்களுக்கு முன்னால நாலு தடவை இழுத்துக் காட்டுனேன். நீங்க பாக்கவே இல்லை. போன்ல பேசிக்கிட்டே வாங்கிப் போட்டீங்க. தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அந்த வெள்ளைக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சான். கூடப் பொறந்தவன் பாக்காத துணியை வேற எவன் பாத்து என்னுங்ணா ஆகுது?

காசிமாயன்: மொதலாளி...

திருமூர்த்தி: ஐயோ. ஐயோ, பேசிப்போட்டேன். அண்ணான்னு சொல்லிப்போட்டேன். எம்பொண்ணு... காசிமாயா, என்ன காரியம் பண்ணிப்போட்டேன்டா. புள்ளை தலை மேல அடிச்ச சத்தியம்டா. கேவலம் ஒரு நெக் ரிப்புக்காக...

அங்கமுத்து: அழுகாத.

திருமூர்த்தி: நான் வந்துருக்கவே கூடாது. நீங்க கண்ணாலத்துக்கே வர வேண்டாங்ணா. அவ நல்லாயிருந்தாப் போதும். நான் இப்பவே கோயிலுக்குப் போயி...

அங்கமுத்து: டேய் மூர்த்தி. உக்காருடா.

திருமூர்த்தி: நீங்களும் பேசிட்டீங்களே. உங்க சத்தியமும் போச்சே.

அங்கமுத்து: எதுவும் போகலை. உக்காரு, சொல்றேன். ஆடி மாசம் நான் அண்ணமார் கோயிலுக்குப் போயி பூ கேட்டேன்.

திருமூர்த்தி: பூ கேட்டீங்களா?

அங்கமுத்து: செகப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம் கட்டி சாமி காலடியில வெச்சு. நானும் என்ற தம்பியும் பேசலாமா, பண்ணுன சத்தியத்தை எறக்கி வெச்சுக்கலாமான்னு கேட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு, சாமி சரின்னுருச்சு.

திருமூர்த்தி: ஆடி மாசத்துலயே வந்துச்சா? அப்பறம் ஏனுங்ணா ஒரு வார்த்தை சொல்லியனுப்பலை?

அங்கமுத்து: பூசாரி வாக்குல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. மொதல்ல கற்பூரம் அணைச்சவன்தான் மொதல்ல பேசோணும். அதுவும் தானாப் பேசோணும். ஆளு விட்டுச் சொல்லிப் பேச வெச்சா எடுபடாது. அதை நெனச்சுப் பாரு. உன்ற வாயைத் தொறக்கவும் வெக்கோணும், தொறன்னு சொல்லவும் கூடாது.

திருமூர்த்தி: அப்ப எம்பொண்ணுக்கு...

அங்கமுத்து: ஒண்ணும் ஆகாது. நீ தானாப் பேசுன. அதுவும் நல்ல சத்தமாவே பேசுன. அண்ணமாருக்கு மலை மேல கேட்டிருக்கும்.

திருமூர்த்தி: அப்ப நீங்க வேணும்னே நெக் ரிப்பை எடுத்தீங்களா?

அங்கமுத்து: வேற எதைச் சொன்னா உனக்கு வாயி தொறக்கும்?

திருமூர்த்தி: நான் காசிமாயன் இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுது?

அங்கமுத்து: நீ உள்ள வந்து செருப்பைக் கழட்டிவிட்ட பாரு, அப்ப. ஒத்தைச் செருப்பைக் கவுத்துப் போட்டுட்டுத்தான் வந்த. சின்ன வயசுல இருந்து உனக்கு அதேதான் பழக்கம். சிரிச்சுருவனோ அழுதுருவனோன்னு பயந்துக்கிட்டுத்தான் அத்தனை கேள்வியும் கேட்டேன்.

காசிமாயன்: அப்ப நான் எங்க பாசையிலயே பேசலாமாங்கய்யா? நாக்கு சுளுக்கிருச்சு.

அங்கமுத்து: பேசுப்பா. நீ எங்க பாசை பேசுனதுக்கு உன்னை ஊரு கடத்தியிருக்கோணும்.

திருமூர்த்தி: அண்ணா, அது என்னுங்ணா? சட்டைக்குள்ள?

அங்கமுத்து: எது?

திருமூர்த்தி: பட்டன் தொறந்து கெடக்குதே. உள்ளுக்குள்ள நேவி ப்ளூ. அந்தக் கழுத்து... அது நான் தெச்ச சாம்பிளில்லீங்களா?

அங்கமுத்து: ஊட்டுல கெடந்துச்சு. கைக்கு வந்ததைப் போட்டுக்கிட்டேன்.

திருமூர்த்தி: வேஸ்ட் மூட்டையில போட்டீங்களே.

அங்கமுத்து: மூட்டையில போட்டதை எடுக்கக்கூடாதுன்னு யாராச்சும் கற்பூரம் அணைச்சாங்களா?

திருமூர்த்தி: கலரே வெளுத்துப்போச்சு. எத்தனை தொவை தொவைச்சிருப்பீங்க. கழுத்து அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. தொங்குதா? எங்க, இழுத்துக் காட்டுங்க.

அங்கமுத்து: பட்டனைப் போட்டுக்கறேன், கரண்ட் வந்துருச்சு. பேச்சை மாத்தாம, கண்ணாலத்துக்கு முறையாக் கூப்புடு.

திருமூர்த்தி: வெத்தலையை எடுடா காசிமாயா... அண்ணா, தை மாசம் யாழினிக்குக் கண்ணாலம். நீங்களும் அண்ணியும் முன்னாடியே வந்து எல்லாத்தையும் எடுத்து நடத்திக் குடுக்கோணும்.

அங்கமுத்து: வர்றோம். மொத அரிசி நாந்தான் போடுவேன். மயிலாத்தா, எலையைப் போடச் சொல்லு. மூணு பேருக்கும். இவனுக்கு இனிப்பு வெக்காத.

திருமூர்த்தி: ஒண்ணே ஒண்ணு மட்டும் வெளங்கலைங்ணா. இந்த காசிமாயன் எங்கம்பெனியில அயர்ன் போட்டுட்டு நின்னவன். திடீர்னு போன வாரம் வந்து, 'மொதலாளி, மனசு ஒடம்பு மாறுறதைக் கேள்விப்பட்டிருக்கீங்களா, ஷாக் அடிச்சா அப்படி ஆகுமாம், அப்படின்னு சொல்லி உங்கண்ணனைப் போயிப் பாத்துப் பேசிட்டு வந்துரலாம், சத்தியத்துக்கும் பழுதில்லை'ங்கறான். நானே அசந்துட்டேன். அந்த எம்ப்ராய்டரி மெசின் கணக்குக்கூட அவன் சொல்லிக் குடுத்ததுதான். டேய், இதெல்லாம் உனக்கு எங்கிருந்துடா வந்துச்சு?

காசிமாயன்: எனக்கு எங்கிட்டு மொதலாளி வந்துச்சு. கருத்தம்மாளைக் கூட்டிட்டுப் போக கேட்டுக்கு வாரேன்ல. வாட்ச்மேன் ரூம்புல காப்பி தருவாக. அங்க வந்து பக்கத்துல ஒருத்தரு உக்காந்து தெனமும் ஒவ்வொரு வார்த்தையா...

திருமூர்த்தி: யாருடா அது? ... அண்ணா? நீங்க ஏனுங் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க? அப்ப மனசு நெசமாவே ஒருத்தர் ஒடம்புல இருந்து இன்னொருத்தர் ஒடம்புக்குப் போகுமாண்ணா?

அங்கமுத்து: போகும்டா மூர்த்தி. ஒரு வாரமா என்ற மனசு உங்கம்பெனியிலதான் நின்னு அயர்ன் போட்டுக்கிட்டு இருந்துச்சு.